ரவுடி போட்டோவா? முதல்ல திருப்பிப் பாருங்க

‘வட சென்னை’ பார்த்துட்டு, நிஜ டான்களோட பழைய பத்திரிகை போட்டோ எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

ராயபுரம், காசிமேடு பக்கம் தேடினா ஏமாற்றம்தான். பழசு தேடுறவங்களோட சொர்க்கமா இருந்த மூர் மார்க்கெட்டே 1985-ல எரிஞ்சுபோச்சு. அமெரிக்காவில கதை வேற. அங்க பல பத்திரிகைகள் தங்களோட போட்டோ சேமிப்பை மொத்தமா வித்துட்டாங்க. அதனாலதான் அல் கபோன் படம் இன்னிக்கும் ஏலத்துக்கு வருது. நம்ம ஆட்கள்ல தேடணும்னா ரெண்டு பேர்: பனைக்குளத்துல பிறந்து பம்பாய் துறைமுகத்துல மூட்டை தூக்கின ஹாஜி மஸ்தான், தூத்துக்குடிக்காரர் வரதராஜ முதலியார். ‘நாயகன்’ 1987-ல வந்தப்போ அவர் உயிரோடதான் இருந்தார், அடுத்த வருஷம் சென்னையில இறந்தார்.

படம் கைக்கு வந்தா முகத்தைப் பார்க்காதீங்க, முதுகைப் பாருங்க. ஏஜென்சி முத்திரை, தேதி, ஒட்டின செய்திக்குறிப்பு எல்லாம் அங்கதான். தேதி பெரும்பாலும் படம் அச்சான நாள், எடுத்த நாள் இல்ல. முன்பக்கம் மெழுகுப் பென்சில் கோடு, முகத்தைச் சுத்திப் பூசின பெயின்ட் இருந்தா சந்தோஷப்படுங்க; அது எடிட்டர் மேசையைத் தாண்டி வந்த பிரதி. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட்டையும் அடிச்சுப் பாருங்க. பேப்பரை வெளுப்பாக்காட்டுற ரசாயனம் 1950-கள்லதான் போட்டோ பேப்பருக்கு வந்துச்சு. ‘1931 ஒரிஜினல்’ நீலமா மின்னினா, அது பின்னாடி போட்ட பிரின்ட். மின்னலைன்னா பழசுதான்னு அர்த்தம் இல்ல, அதையும் சொல்லிடறேன்.

எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரே படத்துல நாலஞ்சு தேதி இருக்கும். ஒவ்வொரு தடவை பேர் அடிபடும்போதும் அதே படத்தை எடுத்துப் போட்டிருப்பாங்க. கைதான அன்னிக்கு ஒட்டின சீட்டு அப்படியே இருக்கும். கோர்ட் விடுதலை பண்ணியிருந்தா, அது அதுல இருக்காது. அந்தச் சீட்டை நம்பி ‘பழைய தாதா’ன்னு இன்ஸ்டாவில போட்டீங்கன்னா, அவரோட பேரன் திருவொற்றியூர்ல உங்க கூடவே பஸ் ஏறலாம். தீர்ப்பைத் தேடிட்டுப் போடுங்க.

பிரின்ட் உங்களோடது, காப்பிரைட் உங்களோடது இல்ல. இந்தியச் சட்டப்படி 2012 வரைக்கும் முதல்ல வெளியானதுல இருந்து 60 வருஷம்னு இருந்துச்சு; இப்போ படம் எடுத்தவர் ஆயுளும், அவர் இறந்ததுக்கு அப்புறம் 60 வருஷமும். எடுத்தவர் உயிரோட இருக்கும்போது 1975-ல வந்த மஸ்தான் படம்னா குறைஞ்சது 2035 வரைக்கும் உரிமை இருக்கு.

அப்புறம், லேமினேட் பண்ணிடாதீங்க ப்ளீஸ். எண்ணூர் கடல் காத்துல ஈரம் ஜாஸ்தி. அமிலமில்லாத கவர்ல போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில வைங்க.