கணக்குப் பார்த்தவர்

போன வாரம் பஸ்ராவின் பெண் சூஃபி ராபியாவைப் பார்த்தோம். 801-இல் அவர் மறைந்தபோது, அதே ஊரில் பிறந்த ஹாரிஸ் இப்னு அசதுக்கு இருபது வயது இருக்கும். ராபியாவிடம் இறைக்காதல் பொங்கி வழிந்தது. இவரோ ராப்பகலாகத் தன் மனத்தைத் தானே தணிக்கை செய்துகொண்டிருந்தவர். அதனால்தான் ‘அல்-முஹாசிபீ’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அலுவலகக் கணக்கரை முஹாசிப் என்றுதான் அழைப்பார்கள்.

பணக் கணக்கில் மட்டும் ஆள் வேறு மாதிரி. தந்தை விட்டுப்போன 70,000 திர்ஹத்தில் ஒரு காசைக்கூடத் தொடவில்லை என்கிறார் சூஃபிகளைப் பற்றி எழுதிய குஷைரி. தந்தை விதியை மறுக்கும் கொள்கைக்காரர். அவர் சொத்து தனக்கு ஆகாது என்று மகன் முடிவு கட்டிவிட்டார். எனக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகவே படுகிறது.

அவருடைய பெரிய நூல் ‘அர்-ரிஆயா’. சீடன் கேட்க, ஆசான் விடை சொல்லிப் போகிறார். பொறாமை, செருக்கு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் விடாமல் துரத்துவது ரியாவை, அதாவது நாலு பேர் பார்க்க வேண்டுமென்று செய்யும் வணக்கத்தை. ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவனின் நெஞ்சுக்குள்தான் அவர் விளக்கைப் பிடிக்கிறார்.

இந்த ஆராய்ச்சியை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் எடுத்து விரிக்கிறார். அங்கே ஓர் இடம். ஒருவன் வேற்றார் வீட்டில் இரவு தங்குகிறான். நடுநிசியில் வீட்டார் எழுந்து தஹஜ்ஜுத் தொழுகிறார்கள். வழக்கமாகத் தூங்கிவிடும் இவனுக்கும் தொழ ஆசை வருகிறது. இது பக்தியா, பகட்டா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புது இடத்தில் தூக்கம் வராமல் இருந்திருக்கலாம். நல்லவர்களைப் பார்த்து உறைத்திருக்கலாம். நீ திரைக்குப் பின்னால் இருந்து அவர்களைப் பார்க்கிறாய், அவர்களுக்கு உன்னைத் தெரியாது, அப்போதும் எழுவாயா? இந்தக் கேள்வியை அவன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். ரியாவுக்குப் பயந்து போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமே என்றால், அதுவும் ஷைத்தான் சொல்லிக்கொடுத்ததுதான்.

பாக்தாதில் முஹாசிபீயை எதிர்த்தவர் சாமானியரல்லர். கலீஃபாவின் சிறைக்கும் சாட்டைக்கும் பணியாத இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். இத்தனைக்கும் பகுத்தறிவை முன்வைத்து வாதிட்ட முஃதஸிலாக்களை இருவருக்கும் பிடிக்காது. அவர்களை மறுத்து எழுதிய முஹாசிபீ, முதலில் அவர்களுடைய வாதத்தை ஒழுங்காக எடுத்துவைத்தார். படிப்பவன் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு பதிலைக் கோட்டைவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார் அஹ்மத். அதை அலட்சியமாகத் தள்ளவும் முடியவில்லை. 855-இல் அஹ்மத் மறைந்தபோது அவருடைய ஜனாஸாவுக்கு பாக்தாதே திரண்டது. இரண்டு ஆண்டு கழித்து முஹாசிபீயின் ஜனாஸாத் தொழுகையில் நின்றவர்கள் நான்கே பேர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவருடைய கடைசிக் காலத்துக் கதை ஒன்று. பசி முகத்தில் தெரிய ஒரு நாள் தெருவில் போய்க்கொண்டிருந்தார். இளைஞர் ஒருவர் அவரை வீட்டுக்குள் அழைத்து, உறவினர் கல்யாண வீட்டிலிருந்து வந்த உயர்ந்த சாப்பாட்டை வைத்தார். ஒரு கவளம் வாயில் போட்டவர் மென்றார், மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு நடையைக் கட்டினார். பிறகு பார்த்தபோது, சந்தேகத்துக்குரிய உணவு தம் தொண்டையில் இறங்காது என்று காரணம் சொன்னார். இளைஞர் விடவில்லை. மறுபடி வீட்டுக்குக் கூட்டிப்போய், இருந்த காய்ந்த ரொட்டியைக் கொடுத்தார். முஹாசிபீ அதைத் திருப்தியாகத் தின்றார். ஃபகீருக்குக் கொடுப்பதானால் இந்த மாதிரி கொடு என்றார்.

ரொட்டி கொடுத்த இளைஞரின் பெயர் ஜுனைத்.

(தொடரும்)