பாதிப் படம் சாம்பலா? அந்தப் பென்டிரைவில் எதையும் பதியாதீர்கள்

அப்பா அம்மா கல்யாண ஆல்பத்தை ஸ்டூடியோவில் கொடுத்து, ஸ்கேன் செய்து, பென்டிரைவில் வாங்கி வருகிறார்கள். சில மாதம் கழித்துத் திறந்தால் தாலி கட்டும் படத்தில் மேல் பாதிதான் இருக்கிறது. கீழே வெறும் சாம்பல் நிறம். பதற்றத்தில், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டதும் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறார்கள். இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஜேபெக் கோப்பில் படத்தின் தகவல் சுருக்கப்பட்டு, பெரும்பாலும் மேலிருந்து கீழாகத் தொடர்ச்சியாகப் பதிவாகிறது. நடுவில் ஓரிடம் பிசகினாலே அதற்குக் கீழே நிறம் மாறும், உருவம் பக்கவாட்டில் நகரும். சாம்பல் பகுதி என்றால், பெரும்பாலும் நகலெடுத்து முடியும் முன்பே யாரோ பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள். ஃபோல்டரில் சின்னப் படம் பளிச்சென்று தெரிகிறதே என்று நம்பவும் கூடாது. அது தனியாகச் சேமிக்கப்பட்ட குட்டி நகல்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் கோப்பில் கோளாறு இல்லை. பெரும்பாலும் ஸ்கேனர் கண்ணாடியில் தூசி இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.

சாம்பல் விழுந்த கோப்பின் அளவைப் பாருங்கள். மற்றவை 4 எம்பி இருக்க, இது மட்டும் 600 கேபி என்றால் மீதித் தகவல் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை. எந்த ‘ரிப்பேர்’ மென்பொருளும் இல்லாததைக் கொண்டுவராது. காசு கொடுத்து ஏமாற வேண்டாம்.

முதல் வேலை, பென்டிரைவில் புதிதாக எதையும் பதியாமல் இருப்பது. செக்டிஸ்க் போன்ற சரிபார்ப்பையும் ஓட்டக் கூடாது. அதுவும் பென்டிரைவில் எழுதக்கூடும். ஃபார்மட் ஆகியிருந்தாலும் பழைய தகவல் உள்ளே கிடக்க வாய்ப்புண்டு. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுக்கும். மீட்ட படங்களை வேறு ஹார்ட் டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: அதே பென்டிரைவில் அல்ல.

அடுத்து, தாமதிக்காமல் ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் முழுக் கோப்பு இன்னும் அழிக்கப்படாமல் இருக்கலாம். அதுவும் போயிருந்தால் அசல் படம்தான் கதி. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று ஆல்பத்தையும் நெகட்டிவையும் பழைய பேப்பர் கடையில் போட்டவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டுவிடும். போடாதீர்கள்!

அசல் ஆல்பத்தையே ஸ்டூடியோ தொலைத்தாலோ, காசு வாங்கிக்கொண்டு பழுதான கோப்பைக் கொடுத்துவிட்டுக் கைவிரித்தாலோ, அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. ஆனால் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. கொடுக்கும்போதே ரசீதில் படங்களின் எண்ணிக்கை, ரெசல்யூஷன், கோப்பு வகை, தேதி, தொகை எல்லாவற்றையும் எழுதி வாங்க வேண்டும். முதலில் ஸ்டூடியோவுக்கு ஒப்புகையுடன் தபாலில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். ரசீது, புகார் நகல், ஒப்புகை, பழுதான கோப்புகள் இருக்கும் பென்டிரைவ் ஆகியவை ஆதாரம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.