கராச்சியில் ஒரு தொட்டில்

பள்ளிக்குக் கிளம்பும் மகன் கையில் தாய் தினமும் இரண்டு காசு கொடுப்பார். ஒன்று அவனுக்கு, மற்றது இல்லாதவர் யாருக்காவது. குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்த அந்தச் சிறுவன்தான் அப்துல் சத்தார் ஈதி. 1947 பிரிவினையில் குடும்பம் கராச்சிக்குப் போனது.

அங்கே சின்ன மருந்தகமாகத் தொடங்கிய வேலை, பாகிஸ்தான் எங்கும் ஓடும் ஆம்புலன்ஸ்களாக வளர்ந்தது. ஈதி மையங்களின் வாசலில் தொட்டில்கள் உண்டு. வளர்க்க வழியில்லாத குழந்தையை அதில் விட்டுப் போகலாம். யார், எவர் என்ற கேள்வி கிடையாது.

வழிதவறி எல்லை தாண்டி வந்த, காது கேளாத, பேச இயலாத இந்தியச் சிறுமி ஒருத்தியும் ஈதி மையத்தில்தான் வளர்ந்தாள். அவள் இந்து என்று புரிந்ததும், ஈதியின் மனைவி பில்கிஸ் அவளுக்குச் சாமி படங்கள் வாங்கித் தந்து, கும்பிட ஓர் இடமும் ஒதுக்கினார். ஊரார் பிள்ளைக்குச் சோறு போடுவது பெரிது. அவள் சாமியை அவளிடமே விட்டுவைத்தது அதைவிடப் பெரிது. 2015 அக்டோபரில் அவள் டெல்லி திரும்பினாள். இந்தியப் பிரதமர் அறிவித்த 1 கோடி ரூபாய் நன்கொடையை ஈதி நன்றி சொல்லி மறுத்துவிட்டார்.

2016 ஜூலையில் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே கண்கள் தானமாகத் தரப்பட்டன.