மழையை வாசிக்கும் நான்கு கருவிகள்

கொரிய மொழியில் 'சாமுல்' என்றால் நான்கு பொருள்கள். 'நோரி' என்றால் விளையாட்டு. நான்கு தாளக் கருவிகள் சேர்ந்து நிகழ்த்தும் இசையே சாமுல்நோரி.

இதன் வேர் 'புங்முல்' என்னும் உழவர் இசை. வயல் வேலையின்போதும் ஊர்த் திருவிழாக்களிலும் கொரியக் கிராம மக்கள் ஆடிக்கொண்டே வாசித்த இசை அது. தென்கொரியா தொழில்மயமாகி, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த இசைக்கான களம் சுருங்கியது. 1978இல் கிம் டக்-சூ உள்ளிட்ட இளம் கலைஞர்கள் தலைநகர் சியோலில் ஒரு சிற்றரங்கில் இதை வாசித்தனர். திறந்தவெளி ஆட்டம் குறைந்து, அமர்ந்து வாசிக்கும் தாள நுட்பம் முன்னுக்கு வந்தது. மூல வடிவமான உழவர் இசையும் 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

கருவிகள் நான்கையும் இயற்கையோடு இணைத்துச் சொல்வது மரபு.

* க்வெங்க்வாரி: கையில் பிடித்து அடிக்கும் சிறிய உலோகத் தட்டு. மின்னல். குழுவை வழிநடத்துவது இதுவே.
* ஜிங்: பெரிய உலோகத் தட்டு. துணி சுற்றிய கோலால் அடிப்பர். காற்று.
* ஜாங்கு: உடுக்கை போல இடை சிறுத்த பெரிய தோற்கருவி. மழை.
* புக்: பீப்பாய் வடிவ முரசு. மேகம்.

உலோகக் கருவிகள் இரண்டும் வானத்தையும், தோற்கருவிகள் இரண்டும் நிலத்தையும் குறிக்கும் என்பர். நம் சொற்கட்டைப் போலவே ஜாங்கு பாடமும் வாய்வழியில்தான் தொடங்குகிறது. இரு கைகளும் சேர்ந்தால் 'தொங்', இடப்புறம் 'குங்', வலப்புறம் 'தொக்'.

இதை ஏழாம் வகுப்பில் செய்து பார்த்தேன். எட்டு எண்ணிக்கைச் சுற்று ஒன்றை மூன்று குழுக்கள் மேசையில் தட்டின. பல தாளங்களில் ஜிங் சுற்றின் தொடக்கத்தில் மட்டுமே ஒலிக்கும். எளிது என்று எண்ணி, அதிகம் பேசாத ஒரு மாணவனிடம் தட்டும் கரண்டியும் கொடுத்து, "ஒன்று வரும்போது மட்டும் அடி" என்றேன். அவன் ஒருமுறை தவறவிட்டதும் வகுப்பே தடுமாறியது. எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த சுற்றில் எட்டையும் உதட்டுக்குள் எண்ணி, சரியாக அடித்தான். எல்லோரும் அவனைப் பார்த்தே தொடங்கினார்கள்.

குறைவாக ஒலிப்பவனுக்குக் குறைவான வேலை என்று நான் எண்ணியதுதான் தவறு. ஏழு எண்ணிக்கை காத்திருப்பவன்தான் முழுவதையும் கேட்கிறான். உங்கள் வகுப்பிலும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு தட்டும் கரண்டியும் போதும். அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள்.