நடுவர் நாற்காலியில் பிள்ளைகள்

உத்தமபாளையம் வட்டத்தில், திராட்சைப் பந்தல்கள் சூழ்ந்த ஊர் ராயப்பன்பட்டி. அங்கே ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலைப் படித்துவிட்டு, “இது அருமை” என்றோ “போர் அடிக்குது” என்றோ சொன்னால் எந்த விருதுக் குழுவின் காதிலும் விழாது.

யெஸ்.பாலபாரதியின் நாவல் அது. மரப்பாச்சி பொம்மை ஒன்று சிறுமியோடு பேசத் தொடங்குகிறது. பிள்ளைகள்மீது நடக்கும் பாலியல் சீண்டலை, பயமுறுத்தாமல் அவர்களுக்கே புரியவைக்கிறது. வீட்டில் பேசத் தயங்கும் விஷயத்தைக் கதை பேசிவிட்டது. 2020-இல் அதற்கு பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது.

சாகித்ய அகாதெமி 24 மொழிகளுக்குத் தரும் இந்த விருது 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் கொண்டது. பெரியவர்களுக்கான விருது 1955-லேயே வந்துவிட்டது. சிறார் இலக்கியம் 2010 வரை காத்திருந்தது. அழ.வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கிய 1950-லிருந்து கணக்கிட்டால் 60 ஆண்டு! தமிழில் முதல் விருது ம.கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’க்கு. பிறகு, கீழடியைக் கதைக்களமாக்கிய உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-லும், யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ 2024-லும் பெற்றன. தேர்வுகளில் பெரிய குறையில்லை. ஆனால் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோருமே பெரியவர்கள்.

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே அரசு நிதியில் 1956 முதல் இளையோர் இலக்கிய விருது வழங்கப்படுகிறது. மிஹாயேல் எண்டேயின் ‘மோமோ’ 1974-இல் வாங்கியது இதைத்தான். ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வந்த அயல்நாட்டுப் புத்தகங்களுக்கும் இதில் இடமுண்டு. 2003-இல் பெரியவர்களின் குழுவோடு இளையோர் நடுவர் குழு ஒன்றையும் சேர்த்தார்கள். நாட்டின் பல ஊர்களில் இயங்கும் வாசகர் வட்டப் பிள்ளைகள் புதுப் புத்தகங்களைப் படித்து, விவாதித்து, தங்கள் பரிசைத் தாங்களே முடிவு செய்கிறார்கள். பெரியவர்கள் அதில் கை வைப்பதில்லை. பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி மேடையில் அந்தப் பரிசும் சமமாக அறிவிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் புது ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகளில் சிறு புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறது. ராயப்பன்பட்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் நாலு பள்ளிகள் சேர்ந்து, அந்தந்த ஆண்டு வந்த பத்துப் புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஓட்டுப் போடச் சொல்லலாம். ஆசிரியர்களே, நவம்பர் 14-க்கு மாறுவேடப் போட்டியோடு இதையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள்.