ஐ.பி. போட்டாலும் பிள்ளைகளின் ஜீவனாம்சம் நீங்காது: பிரிந்து வாழும் பெற்றோர் முதலில் எழுத வேண்டிய செலவுக் கணக்கு

சித்தூர்/திருப்பதி: கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதவர் தம்மை நொடித்தவராக அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தை நாடுவதைத் தமிழ்நாட்டில் 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்பர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அதுவே 'ஐ.பி. போடுவது' எனப்படுகிறது. மனு ஏற்கப்பட்டால் எல்லாக் கடனும் ஒரேயடியாக நீங்கிவிடும் என்ற எண்ணம் இரு பகுதிகளிலும் பரவலாக உள்ளது.

கணவன் மனைவி பிரிந்து வாழ்ந்து, பிள்ளைகள் ஒருவருடைய பொறுப்பில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த எண்ணம் பெரும் சிக்கலை உண்டாக்கக்கூடும். வங்கிக் கடனும் கைமாற்றும் தீர்ந்தாலும், பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தர வேண்டிய ஜீவனாம்சத்திலிருந்து சட்டம் எவரையும் விடுவிப்பதில்லை. ஆகவே, மனுவை எழுதுவதற்கு முன்பே மாத வாழ்க்கைச் செலவின் கணக்கை எழுதியாக வேண்டும்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

நாடு முழுவதும் பேசப்படும் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி உள்ளது. ஆனால் அப்பகுதி, நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் அளித்தவர்கள் அளவில் மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஏனைய தனிநபர்களுக்கு அது அமலாக்கப்படவில்லை. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மிகாத ஏழைக் கடனாளிகளுக்காக அச்சட்டத்தில் எழுதப்பட்ட 'புதிய தொடக்கம்' என்ற ஏற்பாடும் ஏட்டளவிலேயே நிற்கிறது.

எனவே சித்தூரிலோ திருப்பதியிலோ கூலி வேலை, கடை வேலை, சிறு வணிகம் செய்து கடன்பட்டவருக்கு இன்றும் பொருந்துவது ஆங்கிலேயர் காலத்தில் இயற்றப்பட்ட 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. சென்னை மாநகரம் நீங்கலாகத் தமிழ்நாட்டுக்கும் இச்சட்டமே பொருந்தும். சென்னைக்கு 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

1920 சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றமும், மாநில அரசு அதிகாரம் அளித்துள்ள சார்பு நீதிமன்றங்களும் மனுவை விசாரிக்கலாம். கடனாளி வழக்கமாக வசிக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடத்தைக் கொண்டு நீதிமன்றம் முடிவாகிறது. கடன் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும் என்ற நூற்றாண்டுப் பழைய வரம்பு சட்டத்தில் அப்படியே உள்ளது. கடன்கள், கடன் கொடுத்தவர்கள், சொத்துகள் ஆகியவற்றின் முழு விவரத்தை மனுவில் தர வேண்டும். கடனைத் தீர்க்க இயலவில்லை என்பதற்கு முதல் நோக்கில் நம்பத்தக்க ஆதாரமும் காட்ட வேண்டும்.

எது நீங்கும், எது நீங்காது?

நொடித்தவராக அறிவிக்கப்பட்டவுடன் கடனாளியின் சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குச் செல்கிறது. அதன்பின் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதியின்றித் தனித்தனியே நடவடிக்கை எடுக்க முடியாது. பின்னர் விடுவிப்பு ஆணை கிடைத்தால் பெரும்பாலான கடன்கள் நீங்கும். குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கோரி விண்ணப்பிக்கத் தவறினால் நொடிப்பு அறிவிப்பே ரத்தாகிவிடும்.

விடுவிப்புக்குப் பின்னும் தொடரும் பொறுப்புகளைச் சட்டத்தின் 44ஆவது பிரிவு வரிசைப்படுத்துகிறது. அரசுக்குத் தர வேண்டிய தொகை, மோசடியால் ஏற்பட்ட கடன் ஆகியவற்றுடன் ஜீவனாம்ச ஆணையின்கீழ் வரும் பொறுப்பும் அதில் இடம்பெற்றுள்ளது. சட்டம் குறிப்பிடுவது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவை. அது பின்னர் 125ஆவது பிரிவாகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

அடகு வைத்த நகை, அடமானம் வைத்த வீடு ஆகியவற்றின் மீது கடன் கொடுத்தவரின் உரிமையையும் ஐ.பி. தடுப்பதில்லை. நகைக் கடனுக்கு வட்டி கட்டத் தவறினால் ஏலம் தொடரலாம். கடனாளி விடுவிக்கப்பட்டாலும் அவருக்கு ஜாமீன் நின்றவரோ, கூட்டாகக் கையெழுத்திட்டவரோ விடுவிக்கப்படுவதில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாங்கிய கடனில் ஒருவர் மட்டும் ஐ.பி. போட்டால் முழுச் சுமையும் மற்றவர் மீது விழும். பிள்ளைகள் அந்த மற்றவரிடம் வளர்வார்களானால் பாதிப்பு அவர்களின் சாப்பாட்டிலும் படிப்பிலும் தெரியும்.

இரு நீதிமன்றங்கள், ஒரே கணக்கு

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு ஆகியவற்றை விரிவான உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் தேதி ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் தீர்ப்பளித்தது. ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த நாள் முதல் வழங்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதியாகும்.

ஆக, பிரிந்து வாழும் தாயோ தந்தையோ ஒரே வருமானத்தையும் செலவையும் இரண்டு இடங்களில் கூற நேர்கிறது. நொடிப்பு மனுவில் 'கடனைக் கட்ட இயலவில்லை' என்பதற்கு அக்கணக்கு ஆதாரம். ஜீவனாம்ச வழக்கில் 'இவ்வளவு தேவை' அல்லது 'இவ்வளவே தர இயலும்' என்பதற்கு அதுவே ஆதாரம். ஓரிடத்தில் வாடகை 3,500 ரூபாய் என்றும் மற்றோரிடத்தில் 7,000 ரூபாய் என்றும் எழுதினால் இரண்டு வழக்குகளிலும் நம்பகத்தன்மை போய்விடும்.

கணக்கை எப்படி எழுதுவது?

எடுத்துக்காட்டாக, பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுடன் சித்தூரில் தனியே வாழும் தாய் ஒருவர் மாதம் 12,000 ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். வாடகை 3,500, அரிசி, பருப்பு, பால், காய்கறி 4,500, மின்சாரமும் எரிவாயுவும் 600, பள்ளிச் செலவு 1,300, மருந்து 600, கைபேசியும் பயணமும் 500, திடீர்ச் செலவுக்கு ஒதுக்குவது 500 என்றால் மொத்தம் 11,500 ரூபாய் ஆகிறது. மிச்சம் 500 ரூபாய்.

கணவர் மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்ற ஆணை இருந்தாலும், அத்தொகையை உணவு, வாடகை ஆகியவற்றுக்கு எதிராக எழுதக் கூடாது. கைக்கு வந்த மாதத்தில் மட்டும் தனி வரியில் வரவு வைப்பதே பாதுகாப்பானது. வராத மாதங்களைத் தேதியுடன் குறித்து வைத்தால், நிலுவையை வசூலிக்க மனு செய்யும்போது உதவும். நிலுவையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.

அதே தாய்க்கு மகளிர் குழு நுண்கடன் தவணை 5,500, நகைக் கடன் வட்டி 1,500, கைமாற்று 2,000 என மாதம் 9,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தால், ஜீவனாம்சம் தவறாமல் வந்தாலும் கையில் மிஞ்சும் 4,500 ரூபாய் அதில் பாதிக்கே போதும். கட்ட இயலாமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் அந்த 4,500 ரூபாயைக் காட்டித் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேட்கவும் இடமுண்டு. ஐ.பி.யா, பேச்சுவார்த்தையா என்பதைத் தீர்மானிப்பது இந்த ஒரு வரிதான்.

நுண்கடனில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும் வகையில் நுண்கடன் தரக் கூடாது. குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். இருவரும் தலா 12,000 ரூபாய் ஈட்டிய காலத்தில் 9,000 ரூபாய்த் தவணை என்பது 37.5 சதவீதம். பிரிவுக்குப் பின் தாயின் வருமானத்தில் அதுவே 75 சதவீதம். கடன் கொடுத்த நாளில் விதி மீறப்படவில்லை. குடும்பம் இரண்டானபோது கணக்கும் மாறிவிட்டது. தவணைச் சீரமைப்புக் கோரும் கடிதத்தில் இம்மாற்றத்தை எண்களோடு எழுதுவது பயன் தரும். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது.

கை வைக்க முடியாதவை

உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகலன்கள், கைவினைஞரின் கருவிகள், தொழிலாளர், வீட்டு வேலை செய்வோரின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு தடை விதிக்கிறது. இனிமேல் கிடைக்கவிருக்கும் ஜீவனாம்சத்தின் மீதான உரிமையும் அப்பட்டியலில் உள்ளது. இவை நொடிப்பு நடவடிக்கையிலும் ரிசீவரிடம் செல்வதில்லை. கடன் தொகைக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று 56ஆவது பிரிவு கூறுகிறது.

மாதச் சம்பளக்காரருக்கு முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் பாதுகாக்கப்படுகின்றன. 25,000 ரூபாய் சம்பளத்தில் 17,000 ரூபாயைச் சாதாரணக் கடனுக்காகத் தொட முடியாது. ஆனால் ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் பாதுகாக்கப்படுவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. பிள்ளைகளின் தேவைக்குச் சட்டம் தரும் முன்னுரிமை இந்த வேறுபாட்டில் விளங்கும். ஜீவனாம்ச நிலுவைக்கான உரிமை, பிணையம் பெற்றுக் கடன் கொடுத்தவர்களின் உரிமைக்கும் மேலானது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அமெரிக்காவிலும் திவால் ஆணையால் குடும்பப் பராமரிப்புத் தொகை நீங்குவதில்லை.

தொகை தர வேண்டியவர் செய்யக் கூடாதவை

வருமானம் குறைந்துவிட்டது என்பதற்காக ஜீவனாம்சத்தைத் தாமே நிறுத்தினால், தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். சூழ்நிலை மாறியதைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கோரி அதே நீதிமன்றத்தில் மனு செய்வதே முறை. அப்போதும் கேட்கப்படுவது மாதக் கணக்கே.

சொத்தைக் காப்பாற்றும் நோக்கில் வீட்டை உறவினர் பெயருக்கு எழுதி வைப்பதும் பயன் தராது. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய விலையின்றி நடந்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். விடுவிப்புக்கு முன் தம் நிலையைத் தெரிவிக்காமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதும் தண்டனைக்குரிய குற்றம்.

செலவைக் குறைக்கும் வழிகள்

ஆந்திர அரசின் சில திட்டங்கள் கணக்கின் செலவுப் பக்கத்தைக் குறைக்கக்கூடியவை. 2025 ஆகஸ்ட் 15 முதல் மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே வேலைக்கோ வழக்குக்கோ செல்பவருக்கு இது மிச்சம். வேலூர் போன்ற வெளிமாநில ஊர்களுக்குப் பொருந்தாது. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கான 'தல்லிக்கி வந்தனம்' திட்டத்தில், வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 13,000 ரூபாய் தாயின் கணக்கில் சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கு மூன்று எரிவாயு உருளைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. ஒப்புதல் வந்த பிறகே இவற்றை வரவில் சேர்க்க வேண்டும். ரேஷன் அட்டையில் தாயும் பிள்ளைகளும் யாருடன் சேர்க்கப்பட்டுள்ளனர் என்பதையும் முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலோர் எழுத மறக்கும் செலவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உரிமை அளிக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நேரில் அணுகலாம். 15100 என்ற தேசிய உதவி எண்ணிலும் பேசலாம். செல்லும்போது மூன்று மாத வரவு செலவுக் குறிப்பு, கடன் ரசீதுகள், தவணை அட்டைகள், வாடகை ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, ஜீவனாம்ச ஆணையின் நகல் ஆகியவற்றை உடன் எடுத்துச் சென்றால், எந்த மனுவை முதலில் தாக்கல் செய்வது என்பதை அங்கேயே முடிவு செய்ய இயலும்.