நர்சிங் வகுப்புக்கு முந்தைய ஆண்டுகள்

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் நர்சிங் என்பது இரண்டாண்டுப் படிப்பு. இடம் கிடைத்துச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு சரி. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கே அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஆங்கிலம் எல்லாம் முடித்திருக்க வேண்டும். பல இடங்களில் இவற்றுக்கும் முன்னால் வேதியியல் கேட்பார்கள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்பதால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இதிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடிவிடும்.

கட்டணம் பெரிய சுமை இல்லை. மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான். நான்கு யூனிட் அனாட்டமிக்கு 184 டாலர். கிடைக்காதது இடம். லேபில் இருக்கும் மேஜைகளுக்கு மேல் ஆள் சேர்க்க முடியாது. பெயர் பதிந்த யாராவது வராமல் போனால் அந்த இடம் நமக்குக் கிடைக்காதா என்று முதல் நாள் வகுப்பில் சுவரோரம் காத்து நிற்பவர்கள் உண்டு.

இந்தப் பாடங்களைத் தாண்டித் தொலைக்க வேண்டிய தடையாகப் பார்ப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. மைக்ரோபயாலஜி லேபில் செய்யும் கிராம் சாயச் சோதனையையே பாருங்கள். கண்ணாடித் தகட்டில் கிருமியைத் தடவி, சூட்டில் காயவைத்து, ஊதாச் சாயம் விட வேண்டும். அதன்மேல் அயோடின், பிறகு ஆல்கஹால், கடைசியாகச் சிவப்புச் சாயம். தடித்த சுவர் கொண்ட கிருமி ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வெளுத்துப்போய்ச் சிவப்பை ஏற்கும். ஆல்கஹாலைச் சில வினாடிகள் கூடுதலாக விட்டுவிட்டால் ஊதாவாக நிற்க வேண்டியதும் வெளுத்துவிடும், முடிவு தலைகீழாகிவிடும். எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது என்று டாக்டர் யோசிப்பது இந்த நிறத்தையும் வைத்துத்தான். கைப்பதமும் பொறுமையும் அந்த மேஜையிலேயே பழகிவிடுகின்றன. நர்ஸின் வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பேன்.

அதனால்தான் அவசரம் கூடாது. ஒரு செமஸ்டரை மிச்சம் பிடிக்க மூன்று லேப் பாடங்களை ஒன்றாக எடுத்து, மூன்றிலும் சுமாரான கிரேடு வாங்கி நிற்பது பரிதாபம். பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களின் கிரேடையும் டீஸ் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் புள்ளிகளாக்கி வரிசைப்படுத்துகின்றன. அந்தத் தேர்வில் 209 நிமிடத்தில் 170 கேள்விகள். அறிவியல் பகுதியில் பெரிய பங்கு அனாட்டமியும் பிசியாலஜியும்தான். வகுப்பில் ஊன்றிப் படித்தது தேர்வில் கைகொடுக்கும். வேலைக்குப் போகிறவர் செமஸ்டருக்கு ஒரு லேப் பாடம் எடுத்தால் போதும்.

பலரைக் கவிழ்க்கும் இன்னொரு விதி, காலாவதி. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன. அனாட்டமியில் 'ஏ' வாங்கிவிட்டு, பிள்ளைப்பேற்றுக்காகச் சில ஆண்டு நிறுத்திய பெண், திரும்பி வரும்போது அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். இதை அநியாயம் என்றே சொல்வேன். படித்தது நினைவில் இருக்கிறதா என்று ஒரு தேர்வு வைத்துப் பார்க்கலாமே! விதி மாறும் வரை, ஆங்கிலம் போன்ற பெரும்பாலும் காலாவதியாகாத பாடங்களை முதலில் முடித்து, அறிவியலை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே பத்திரம்.

எல்லாம் முடித்தாலும் இடம் உறுதியில்லை. பட்டப்படிப்பும் அதற்கு மேலும் நடத்தும் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள், 2023-இல் மட்டும் தகுதியுள்ள 65,766 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியதாக அவற்றின் சங்கமே கணக்குச் சொன்னது. ஆசிரியர்களும் போதவில்லை, பயிற்சிக்கு மருத்துவமனைகளும் போதவில்லை. ஆகவே ஒரே கல்லூரியை நம்பி இருக்காமல் மூன்று நான்குக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு கல்லூரி அனாட்டமியையும் பிசியாலஜியையும் தனித்தனியாகக் கேட்கும். இன்னொன்று இரண்டையும் சேர்த்து நடத்தும் தொடர் பாடத்தை ஏற்கும். வேறொன்று சத்துணவியலும் வேண்டும் என்னும். முதல் பாடத்துக்குப் பணம் கட்டும் முன்பே இந்தப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லூரி ஆலோசகரோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.